லக்சாயினியின் இரத்தம்

அந்தப் பிள்ளையைக் கிண்ணியாவுக்கு டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனது நான்தான். எதற்காகப் போனேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு பள்ளிக்கூடத்தில் அதை வேறு மாதிரிக் கதைத்தார்கள். அவளுடைய சுகத்தைப் பார்க்க நான் போகவில்லை. அவள் வயிற்றில் பிள்ளை இருக்கிறதா என்று பார்த்துவரச் சொல்லி என்னை அனுப்பினார்கள். நானும் போனேன்.

என் பெயர் பிரியங்கினி. திருகோணமலை நகரில், கடலிலிருந்து இரண்டு தெரு தள்ளியிருக்கும் ஒரு பள்ளிக்கூடத்தில் மனையியல் படிப்பிக்கிறேன். பெண்பிள்ளைகள் வெளியூருக்கு ஓட்டப் போட்டிக்குப் போனால் ஒரு பெண் ஆசிரியர் கூடப் போகவேண்டும். எனக்குக் கலியாணம் ஆகவில்லை, நேரம் பிந்தினால் தேட ஆளில்லை என்று மூன்று வருடமாக அந்தப் பொறுப்பு என் தலையில். வாகனத்தில் முன் சீற்றில் இருப்பேன், சாப்பாட்டுப் பார்சல் கொடுப்பேன், பிள்ளைகளைக் கழிவறைக்குக் கூட்டிப்போவேன். ஓட்டத்தைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. இரும்புச்சத்தைப் பற்றித் தெரியும். அந்தப் பாடத்தை ஒவ்வொரு வருடமும் கரும்பலகையில் எழுதி விளக்குவது நான்தான்.

லக்சாயினி இறக்கக்கண்டி ஊர்ப் பிள்ளை. தகப்பன் வல்லிபுரம் கடலுக்குப் போகிறவர். தாய் ஜெயரூபி நிலாவெளியில் ஒரு ஹோட்டலில் படுக்கை விரிப்புத் துவைக்கிற வேலை. பிள்ளை மூவாயிரம் மீற்றர் ஓடுவாள். பதினாறு வயதில் மாகாணத்தில் இரண்டாவதாக வந்தாள், பத்து நிமிடம் ஐம்பத்திரண்டு செக்கன். அன்றைக்கு ஓடி முடித்துவிட்டு, மூச்சு அடங்கும் முன்னமே என்னிடம் வந்து, பார்சலில் மீன் பொரியல் இருக்கா டீச்சர் என்று கேட்டாள். அப்படிப்பட்ட பிள்ளை.

அடுத்த வருடம் தை மாதம் அதே தூரத்துக்குப் பதினொரு நிமிடத்துக்கு மேல் எடுத்தாள். பங்குனியில் இன்னும் அரை நிமிடம் கூடியது. பயிற்சி கொடுக்கிற அனுசன் சேர் அதைக் கொப்பியில் குறித்துக்கொண்டு தலையை ஆட்டினார்.

அனுசன் சேரைக் கெட்ட மனுசன் என்று சொல்லிவிட்டால் எனக்கு லேசாக இருக்கும். அவர் அப்படி இல்லை. பிள்ளைகளின் கடைசி பஸ் போகும்வரை மைதான வாசலில் நிற்பார். வீட்டு வாழைக்குலையை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு வருவார். ஆனால் எல்லாம் தனக்குத் தெரியும் என்று நினைத்தார். உடம்பில் பாரம் குறைந்தால் கால் லேசாகும் என்பது அவருடைய கணக்கு. இரவில் சோறு வேண்டாம், ஒரு துண்டு பாண் காணும் என்று ஓட்டக்காரப் பிள்ளைகளுக்குச் சொல்லிவைத்திருந்தார். லக்சாயினி சொன்னதைக் கேட்கிற பிள்ளை. விடிய ஐந்து மணிக்கு வெறும் தேத்தண்ணியோடு பஸ் ஏறுவாள், ஓடிவிட்டுப் பள்ளிக்கூடம், பின்னேரம் திரும்பவும் ஓட்டம், இரவு பாணும் சம்பலும் இன்னொரு தேத்தண்ணியும். மூன்று கிலோ குறைந்தாள். கால் லேசாகவில்லை. கள்ளம் செய்கிறாள் என்று சேர் முடிவெடுத்தார். மற்றப் பிள்ளைகள் நிழலில் இருக்க, இவளை மட்டும் இன்னும் நாலு சுற்று ஓடவிட்டார்.

நான் பார்க்காமல் இல்லை. என் வகுப்பு மேல்மாடியில். படிக்கட்டின் நடுவில் கைபிடியைப் பிடித்தபடி நிற்பாள், பின்னால் வரும் சின்னப் பிள்ளைகள் விலத்திக்கொண்டு போவார்கள். வகுப்பில் தலையைக் கவிழ்த்து நித்திரை கொள்வாள். சட்டைப் பையில் பச்சை அரிசி வைத்துக் கொறிப்பாள். ஒருநாள் அந்த அரிசியை மேசையில் கொட்டச் சொல்லி, எல்லாப் பிள்ளைகளுக்கும் முன்னால் ஏசினேன். வாய் அரிசியையும் ஐஸ்கட்டியையும் தேடினால் இரத்தம் குறைந்திருக்கலாம் என்று எனக்குப் பயிற்சிக் கலாசாலையில் படிப்பித்திருந்தார்கள். பரீட்சையில் அதற்கு விடையும் எழுதியிருந்தேன். என் முன்னால் இருந்த பிள்ளையில் அது எனக்குத் தெரியவில்லை.

சித்திரை விடுமுறை முடிந்த கையோடு சேர் அவளுடைய வீட்டுக்குப் போன் எடுத்தார். பிள்ளையின் மனம் ஓட்டத்தில் இல்லை, போனை ஒருக்கால் பாருங்கோ, ஆரோடும் தொடர்பு இருக்கும் என்றார். போனில் ஒன்றும் இருக்கவில்லை. என்றாலும் வல்லிபுரம் அதைப் பறித்து அலுமாரியில் வைத்துப் பூட்டினார். மூன்று கிழமை மகளோடு ஒரு வார்த்தை கதைக்கவில்லை. இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும்.

ஆனி மாதம் மட்டக்களப்பில் மாகாணப் போட்டி. ஐந்தாவது சுற்றில் லக்சாயினி தடம் விலகி, புல்லில் முழங்காலில் விழுந்து, வயிற்றைப் பிரட்டிச் சத்தி எடுத்தாள். நான் ஓடிப்போய்த் தலையைப் பிடித்தேன். வெயிலுக்குள் ஓடியவளின் உதடு வெள்ளையாக இருந்தது. முதலுதவிக்காரர் தண்ணீர் தெளித்து, வெயில் பிடித்துவிட்டது என்று சொல்லி அனுப்பினார்.

திரும்பி வருகிற வழியில், வெருகல் தாண்டின பிறகு, அனுசன் சேர் முன்னால் எழும்பி நின்று கம்பியைப் பிடித்துக்கொண்டு எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"தலைச்சுத்து, சத்தி. என்ன விசயம் எண்டு வீட்டில விசாரிச்சால் தெரியும்."

வாகனத்துக்குள் பதினொரு பிள்ளைகள். லக்சாயினி கடைசிச் சீற்றில் துவாயை முகத்தில் போட்டுக்கொண்டு படுத்திருந்தாள். சாரதி கண்ணாடியில் பின்னால் பார்த்தார். நான் என்ன செய்தேன்? வெளியே வயலைப் பார்த்தேன்.

திங்கட்கிழமை அதிபர் காசிநாதர் கூப்பிட்டார். கதவைச் சாத்தச் சொன்னார். பள்ளிக்கூடத்தின் பெயர் கெடக்கூடாது, தாய் தகப்பனுக்கு இப்போது ஒன்றும் சொல்லவேண்டாம், டவுனுக்குள் எந்த டிஸ்பென்சரிக்குப் போனாலும் தெரிந்த ஆட்கள் இருப்பார்கள், கிண்ணியாப் பக்கம் என்றால் ஒருத்தருக்கும் தெரியாது, நீங்கள் பொம்பிளை, உங்களுக்கு இது விளங்கும் என்றார். எனக்கு விளங்கியது. விளங்கியும் ஓம் சேர் என்றேன்.

லக்சாயினியிடம், சும்மா ஒரு செக்கப் என்று சொன்னேன். பஸ் கிண்ணியாப் பாலத்தில் ஏறியது. பாலத்தின் நடுவில், தண்ணீரைப் பார்த்தபடியே மெதுவாகச் சொன்னாள்.

"என்னத்துக்குக் கூட்டிப்போறீங்கள் எண்டு எனக்குத் தெரியும் டீச்சர். நீங்களும் நம்பிறீங்களோ?"

இல்லை என்று சொன்னேன். அப்படியென்றால் ஏன் போகிறோம் என்று அவள் கேட்கவில்லை.

டொக்டர் நப்லா பெண் டொக்டர், முப்பது வயது மதிக்கலாம். பகலில் அரசாங்க ஆஸ்பத்திரி, பின்னேரத்தில் தன் வீட்டு முன்னறையில் நோயாளிகளைப் பார்ப்பார். துணைக்கு நிற்கும் ஜெமீலா என்ற பெண் இலக்கத் துண்டு கொடுத்து எங்களை உள்ளே விட்டாள். அதிபர் சொல்லித்தந்த மாதிரி, நான் டொக்டரின் காதுக்குக் கிட்டப் போய் விசயத்தைச் சொன்னேன். அவர் முகம் மாறவில்லை. டீச்சரை வெளியே இருக்கச் சொல்லவா என்று பிள்ளையிடம் கேட்டார். டீச்சர் இருக்கட்டும் என்றாள் லக்சாயினி.

டொக்டர் அவளுடைய கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். நாக்கைப் பார்த்தார். நகங்களை வெளிச்சத்துக்குத் திருப்பினார். பிறகு கேட்கத் தொடங்கினார். மாதவிடாய் எத்தனை நாளைக்கு ஒருக்கால்? இருபது நாள். எத்தனை நாள் போகும்? எட்டு நாள், சிலநேரம் ஒன்பது. போட்டிருக்கிற துணி தாண்டி நனையுமா? ஓம். அந்த நாட்களிலும் ஓடுவாயா? ஓம். இதை ஆருக்காவது சொன்னாயா?

லக்சாயினி என்னைப் பார்த்தாள். பிறகு டொக்டரைப் பார்த்துச் சொன்னாள்.

"சேரிட்ட எப்பிடிச் சொல்லுறது?"

கூடப் போகிற பெண் ஆசிரியர் ஒருத்தி மூன்று வருடமாக இருந்தாளே என்று டொக்டர் என்னைக் கேட்கவில்லை. கேட்கவேண்டிய அவசியமும் இருக்கவில்லை.

இரத்தம் எடுத்தார்கள். அதிபர் கேட்ட பரிசோதனை, பிள்ளையிடம் கேட்டு, அவள் செய்யுங்கோ என்று சொன்ன பிறகு, அங்கேயே ஐந்து நிமிடத்தில் முடிந்தது. அப்படி ஒன்றும் இல்லை. மற்ற இரத்த முடிவுக்கு அடுத்தநாள் பின்னேரம் திரும்பவும் போனோம். டொக்டர் தாளை என் பக்கம் திருப்பி வைத்து விரலால் காட்டினார். ஹீமோகுளோபின் பன்னிரண்டாவது இருக்கவேண்டிய இடத்தில் ஏழு தசம் எட்டு. உடம்பில் சேமிப்பில் இருக்கிற இரும்பைக் காட்டுகிற பெரிற்றின் வெறும் நாலு.

"டீச்சர், இந்த அளவோட நீங்களோ நானோ எண்டால் படியேற மாட்டம்," என்றார். "இந்தப் பிள்ளை நாளைக்கு ரெண்டு தரம் ஓடியிருக்கு. நீங்கள் இவவின்ட வயித்தைப் பாக்கச் சொல்லி வந்திருக்கிறீங்கள்."

அவர் குரலை உயர்த்தவில்லை. வேர்வையிலும் கொஞ்சம் போகும், தார் ரோட்டில் மாதக் கணக்காக உள்ளங்காலை அடித்து ஓடினால் இரத்த அணு உடையும், வளருகிற வயது, அதோடு இவ்வளவு இரத்தப்போக்கு, சாப்பாட்டையும் குறைத்து, குறைந்த சாப்பாட்டோடு தேத்தண்ணியும் குடித்தால் உள்ளே போகிற இரும்பும் உடம்பில் சேராது என்று ஒவ்வொன்றாக விளங்கப்படுத்தினார். இரும்புச்சத்துக் குளிசை எழுதினார். தேசிக்காய்த் தண்ணியோடு குடிக்கவேண்டும், தேத்தண்ணி தள்ளி. இரத்தம் ஏறும்வரை ஓட்டம் கூடாது. வேறு இரத்தக் குறைபாடு இருக்கிறதா என்று பார்க்கவும் இரத்தப்போக்குக்கு மருந்து எடுக்கவும் ஆஸ்பத்திரிக்குக் கடிதம் தந்தார். பிறகு ஒரு கேள்வி கேட்டார். பள்ளிக்கூடத்தில் கிழமைக்கு ஒருக்கால் பிள்ளைகளுக்கு இரும்புச்சத்துக் குளிசை கொடுக்கிறீர்கள்தானே, இவள் குடிக்கவில்லையா?

லக்சாயினி சொன்னாள். குடித்தால் வயிற்றைப் பிரட்டும், ஓட்டம் கெடும், ஓட்ட ரீமில் இருக்கிற ஆக்கள் குடிக்கவேண்டாம் என்று அனுசன் சேர் சொன்னவராம்.

அடுத்தநாள் காலையில் குளிசை இடாப்பைத் திறந்து பார்த்தேன். வெள்ளிக்கிழமைகளில் குளிசை கொடுக்கிற பொறுப்பு மனையியல் ஆசிரியருடையது. லக்சாயினியின் பெயருக்கு நேரே ஒவ்வொரு வெள்ளியும் குடித்ததாகச் சரி போட்டிருந்தது. என் பேனை, என் கை. ஓட்டக்காரப் பிள்ளைகள் வெள்ளி கடைசிப் பாடத்துக்கு மைதானத்துக்குப் போய்விடுவார்கள். இடாப்பில் இடைவெளி இருந்தால் சுகாதார அலுவலகத்திலிருந்து கேள்வி வரும் என்று நான் எல்லாருக்கும் சேர்த்துச் சரி போட்டிருந்தேன்.

இடாப்பையும் இரத்த முடிவையும் எடுத்துக்கொண்டு நேரே அதிபரிடம் போனேன். என் பிழையை முதலில் சொன்னேன். அவர் தாளைப் பார்த்துவிட்டு, நல்ல காலம், வேறு ஒன்றும் இல்லை என்று கதிரையில் சாய்ந்தார். ரீமில் இருக்கிற மற்றப் பத்துப் பிள்ளைகளுக்கும் இரத்தம் பார்க்கவேண்டும், இல்லாவிட்டால் நானே ஒவ்வொரு வீடாகப் போய்ச் சொல்லுவேன் என்றேன். அவர் யோசித்துவிட்டு ஓம் என்றார்.

டொக்டர் நப்லா ஒரு சனிக்கிழமை இக்கரைக்கு வந்து, எங்கள் மனையியல் அறையில் கதிரை போட்டு இருந்து பிள்ளைகளைப் பார்த்தார். பத்தில் ஆறு பேருக்குக் குறைவு. நானூறு மீற்றர் ஓடும் சனூஸாவுக்கு ஒன்பது. அவள் உம்மா, தன் பிள்ளை பள்ளிக்கூடத்தால் வந்து வாசல் கடப்படியிலேயே படுத்துவிடுகிறது, படிப்புக் களைப்பு என்று நினைத்தேன் என்று சொல்லி அழுதார். பதினொரு பேரில் ஏழு பேர். ஒரே மைதானத்தில், எங்கள் எல்லாருடைய கண்ணுக்கும் முன்னால்.

அனுசன் சேரிடம் முடிவுகளைக் காட்டினேன். வாசித்துவிட்டு, தான் டொக்டருக்குப் படிக்கவில்லை, தன்னுடைய காலத்தில் ஒருத்தரும் இரத்தம் பார்த்து ஓடவில்லை என்றார். உங்களுடைய காலத்தில் உங்களோடு ஓடின பொம்பிளைப் பிள்ளைகள் எத்தனை பேர், அவர்கள் ஏன் பாதியில் நின்றார்கள் என்று கேட்டேன். அவர் மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டு போய்விட்டார்.

எல்லாவற்றையும் விடக் கஷ்டமான வேலை இறக்கக்கண்டியில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் பஸ்ஸில் போய் ஜெயரூபியின் வீட்டுக் குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் குந்தியிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். வாகனத்துக்குள் சேர் சொன்னது, அதிபர் கதவைச் சாத்தினது, கிண்ணியாவுக்கு எதற்குப் போனது, இடாப்பு, ஒன்றையும் விடவில்லை. ஜெயரூபியின் கை சவர்க்காரத் தண்ணியில் ஊறி வெளுத்திருந்தது. அந்தக் கையை மடியில் வைத்துக்கொண்டு கடைசிவரை கேட்டா. வல்லிபுரம் வாசலில் நின்றவர், நான் சொல்லி முடிக்கும் முன்னமே வெளியே இறங்கிப் போனார்.

"டீச்சர், நீங்கள் வந்து சொன்னது நல்லம்," என்றா ஜெயரூபி. "ஆனால் என்ர பிள்ளையை நீங்கள் எனக்குத் தெரியாமல் கூட்டிப் போயிருக்கக் கூடாது. அதை நான் மறக்கமாட்டன்."

மறக்கவும் இல்லை. இன்றைக்கும் என்னைக் கண்டால் தலையை மட்டும் ஆட்டுவா.

திங்கட்கிழமை ஜெயரூபி வேலைக்குப் போகாமல் பள்ளிக்கூடத்துக்கு வந்தா. அதிபர் அறைக்குள் கூப்பிட்டார், கதிரை காட்டினார், தேத்தண்ணி கொண்டுவரச் சொன்னார். அவ உள்ளே போகவில்லை. காலைக் கூட்டம் முடிந்து பிள்ளைகள் வகுப்புக்குப் போகிற நேரம். ஆசிரியர்கள் எல்லாரும் விறாந்தையில். அனுசன் சேர் விசிலைக் கழுத்தில் போட்டபடி நின்றார். அவருக்கு முன்னால் போய் நின்றுதான் கதைத்தா.

"சேர், என்ர பிள்ளைக்கு உடம்பில இரத்தம் இல்லை. நீங்கள் அவவைக் கள்ளி எண்டு சொன்னீங்கள். நாங்கள் அதை நம்பி வீட்டில வைச்சு வதைச்சனாங்கள். பிறகு அதை விடப் பெரிய பழி போட்டீங்கள். வாகனத்துக்குள்ள எத்தனை பேர் கேட்டவையோ, அத்தனை பேருக்கும் முன்னால அது பொய் எண்டு நீங்கள் சொல்லவேணும்."

சேர் பிள்ளையின் நன்மைக்குத்தான் என்று தொடங்கினார். அதிபர் இடையில் வந்து, அம்மா, உள்ளுக்கு இருந்து கதைப்பம் என்றார். ஜெயரூபி அசையவில்லை. நான் படியிறங்கிப் போய் அவவுக்குப் பக்கத்தில் நின்றேன். அவ கேட்பது நியாயம், வாகனத்தில் நானும் இருந்தேன், சேர் சொன்னதை என் காதால் கேட்டேன் என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன். அது ஒரு மாதம் பிந்திய குரல்.

சேர் மன்னிப்புக் கேட்கவில்லை. யாரும் கேட்க வைக்கவும் இல்லை. வலயக் கல்வி அலுவலகத்துக்கு நான் எழுதின கடிதத்தை அதிபர் இரண்டு தரம் திருத்தித் தந்தார். அவர் திருத்தின பிறகு அதில் பழி என்ற சொல்லும் இல்லை, வாகனமும் இல்லை, தொடர்பாடல் குறைபாடு என்று இருந்தது. அப்படியென்றால்தான் கையெழுத்துப் போடுவேன் என்றார். அப்படியே போனது. விசாரிக்கப்படுகிறது என்று ஒரு பதில் வந்தது. இப்போது வருடத்துக்கு இரண்டு தரம் ஓட்டக்காரப் பிள்ளைகளுக்கு இரத்தம் பார்க்கிறோம், வெள்ளிக் குளிசையைப் பிள்ளைகள் என் முன்னால் விழுங்குகிறார்கள். சேர் அதே மைதானத்தில்தான் நிற்கிறார்.

லக்சாயினிக்கு இரத்தம் ஏற ஐந்து மாதம் எடுத்தது. மூன்றாவது மாதம் அரிசி கொறிப்பது தானாக நின்றுவிட்டது. அந்த ஐந்து மாதத்துக்குள் கொழும்பில் அகில இலங்கைப் போட்டி வந்து போனது. அடுத்த வருடம் அவளுக்கு வயது கடந்துவிட்டது. பதினெட்டுக்குக் கீழ் ஓடும் மூவாயிரம் மீற்றர் இனி அவளுக்கு இல்லை. ஒரு டொக்டர் இமையை இழுத்துப் பார்க்க எடுத்த நேரம் ஒரு நிமிடம். அந்த ஒரு நிமிடத்தை ஆறு மாதத்துக்கு முன்னம் யாராவது கொடுத்திருந்தால் அவள் கொழும்பில் ஓடியிருப்பாள்.

மாசியில் அவள் திரும்ப ஓடத் தொடங்கினாள். சேரிடம் போகவில்லை. இறக்கக்கண்டியிலிருந்து கும்புறுப்பிட்டிப் பக்கம் தனியாக ஓடுவாள். சாப்பாட்டையும் ஓய்வையும் டொக்டர் நப்லா போனில் கேட்டுச் சொல்லுவார். வைகாசியில் மாவட்டப் போட்டியில் பெரியவர்களுக்கான ஐயாயிரம் மீற்றருக்குத் தானே பெயர் கொடுத்தாள். நான் விடுமுறை போட்டுவிட்டுப் பார்க்கப் போனேன். முன்னால் ஓடின இரண்டு பேர் ஆமிப் பெண்கள், அவர்களைப் பிடிக்க ஏலாது. இவள் மூன்றாவதாக வந்தாள். கடைசிச் சுற்றில் அவளுடைய முகம் சிவந்திருந்தது. அந்தச் சிவப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அனுசன் சேரும் தன் பிள்ளைகளோடு வந்திருந்தார். முடிவுக் கோட்டுக்குக் கிட்ட வந்து, நல்ல ஓட்டம், நேரமும் நல்லம், திங்கட்கிழமையிலிருந்து மைதானத்துக்கு வா என்று கை நீட்டினார். லக்சாயினி கையைக் கொடுக்கவில்லை. இடுப்பில் கை வைத்து மூச்சை அடக்கினாள். அவருக்குப் பின்னால் அன்றைக்கு அந்த வாகனத்தில் இருந்த பிள்ளைகள் நாலைந்து பேர் நின்றார்கள், சனூஸாவும் நின்றாள்.

"அண்டைக்கு வாகனத்துக்குள்ள சொன்னது பிழை எண்டு இவைக்கு முன்னால சொல்லுங்கோ சேர். வாறன்."

அவர் சிரித்தார். மணிக்கூட்டைப் பார்த்தார். அடுத்த ஓட்டத்துக்குப் பிள்ளைகளைக் கூப்பிட்டுக்கொண்டு நடந்தார். சனூஸா மட்டும் அவர் பின்னால் போகவில்லை. லக்சாயினிக்குப் பக்கத்தில் புல்லில் இருந்துகொண்டு சப்பாத்தைக் கழற்றத் தொடங்கினாள்.

நான் சேரின் பின்னால் போனேன். பழசை விடுங்கோ டீச்சர், பிள்ளை இப்ப சுகம்தானே என்றார். பிள்ளை சுகம்தான். நான் அன்று பின்னேரமே வலயக் கல்வி அலுவலகத்துக்கும் மாகாணத் திணைக்களத்துக்கும் புதிதாகக் கடிதம் எழுதினேன். அவர் வாகனத்துக்குள் சொன்ன வசனத்தை அப்படியே எழுதினேன். என் இடாப்பில் நான் போட்ட பொய்ச் சரிகளையும் எழுதினேன். அதிபரிடம் கொண்டுபோகவில்லை. தபால் கந்தோரில் பதிவுத் தபாலில் போட்டேன்.